23-23இல் பந்து யாருக்கு?

மதியம் மூன்றரைக்கு எங்கள் ஆபீஸில் டீ வரும். அப்போது கொரியாவில் இரவு 7 மணி, பெண்கள் வாலிபால் தொடங்கும் நேரம். அக்டோபரில் சீசன் ஆரம்பித்தால் ஏப்ரல் வரை என் டீ ஆறித்தான் போகும்.

அந்த 7 மணியே லேசில் கிடைத்ததில்லை. முன்பெல்லாம் வார நாட்களில் பெண்கள் ஆட்டம் மாலை 5 மணிக்கு, ஆண்கள் ஆட்டம் 7 மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள் 5 மணிக்கு எப்படி மைதானத்துக்கு வருவார்கள்? 2018-19 சீசனில்தான் பெண்களுக்கும் 7 மணி என்று மாற்றினார்கள். கொஞ்ச காலத்திலேயே டிவியில் ஆண்கள் ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகமானது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. நான் ஆடிய காலத்தில் டோர்னமென்ட் என்றால் ஆண்கள் பைனல் ராத்திரி லைட் வெளிச்சத்தில், எங்கள் பைனல் மதியம் 3 மணி வெயிலில். பார்வையாளர்கள் யார் என்றால், மைக்செட் கட்ட வந்தவரும் எங்கள் அப்பாக்களும்தான்.

சரி, நான் பார்க்கும் இந்தக் கொரிய வாலிபால் லீக்குக்கு, அதாவது வி-லீக்குக்கு வருகிறேன். 2005இல் ஆரம்பித்தது. பெண்கள் பிரிவில் இப்போது 7 அணிகள், எல்லாம் கம்பெனி அணிகள். இன்சூரன்ஸ் கம்பெனி, பெட்ரோல் கம்பெனி, வங்கி, ஜின்செங் விற்கும் கம்பெனி எல்லாம் உண்டு. நெடுஞ்சாலைக் கழகத்தின் அணிக்குப் பெயர் 'ஹை-பாஸ்'. அங்கே டோல்கேட்டில் நிற்காமல் போக வைத்திருக்கும் கருவியின் பெயர் அது. நம் ஊரில் 'பாஸ்டேக்' என்று ஒரு வாலிபால் அணி இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஒவ்வொரு அணியும் மற்ற 6 அணிகளோடும் தலா 6 முறை மோதும். மொத்தம் 36 ஆட்டம். 3-0 அல்லது 3-1 என்று ஜெயித்தால் 3 புள்ளி. ஐந்தாவது செட் வரை இழுத்தால் ஜெயித்தவருக்கு 2, தோற்றவருக்கு 1. அதனால் இரண்டு செட் கோட்டைவிட்ட அணியும் கையைத் தொங்கப்போடாது. அப்புறம் இரண்டாம், மூன்றாம் இடக்காரர்கள் மோதி, ஜெயித்தவர் முதலிடக்காரரோடு ஐந்து ஆட்டத் தொடர் ஆடுவார். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 3 புள்ளிக்குள் வித்தியாசம் என்றால் நான்காவது அணிக்கும் ஒரு வாசல் திறக்கும்.

2023 பைனலைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலிடத்தில் வந்த பிங்க் ஸ்பைடர்ஸ் (இன்சூரன்ஸ் கம்பெனி அணி) முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டது. எதிரே மூன்றாம் இடத்திலிருந்து ஏறி வந்த ஹை-பாஸ். அடுத்த மூன்றையும் ஹை-பாஸ் எடுத்தது! கடைசி ஆட்டத்தின் கடைசி செட் 15-13. வி-லீக்கில் அதுவரை யாரும் அப்படித் திரும்பி வந்ததில்லை. தோற்ற பக்கம் நின்றவர் கிம் யோன் கியோங். ஜப்பான், துருக்கி, சீனா என்று ஆடிவிட்டு வந்தவர். 2025இல் அதே பிங்க் ஸ்பைடர்ஸ் மறுபடி 2-0 முன்னிலை, மறுபடி 2-2. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த முறை ஐந்தாவது ஆட்டத்தை ஜெயித்துக் கோப்பையோடு ஓய்வு பெற்றார் கிம் யோன் கியோங். அன்று 34 புள்ளி அவருடையது, வயது 37.

சம்பள விஷயத்தில் வாயைத் திறந்தவரும் அவர்தான். 2018இல் ஆண்கள் அணிக்குச் சம்பள உச்சவரம்பு 250 கோடி வோன், பெண்கள் அணிக்கு 140 கோடி. போதாததற்கு, ஒரு வீராங்கனைக்கு அந்த வரம்பில் 25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று பெண்களுக்கு மட்டும் ஒரு விதி. வெளிநாட்டிலிருந்தபடியே அதைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். 2020இல் திரும்பி வந்தபோது 35 கோடி வோனுக்குக் கையெழுத்துப் போட்டார். தான் நிறைய வாங்கினால் அணியில் மற்றவர்கள் சம்பளம் அடிபடும் என்று தானாகவே குறைத்துக்கொண்டது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், இப்போது குறை. ஒவ்வொரு அணிக்கும் ஒரு வெளிநாட்டு வீராங்கனை. பணத்தைக் கொட்டி யாரையும் தூக்கிவர முடியாது. தேர்வு முகாம் வைத்து, குலுக்கல் போட்டு, வரிசைப்படி எடுக்க வேண்டும். கடைசியில் வந்த அணியின் பெயரில் குலுக்கல் பெட்டியில் அதிகப் பந்து போடுவார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வருகிறவர் அநேகமாக வலது ஓரத்து அட்டாக்கர். 25 புள்ளி செட்டில் 23-23 என்று நிற்கும்போது வரும் பந்து மாதிரி சிக்கலான பந்து எல்லாம் அவருக்கே. இதற்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'மோல்பாங்' வாலிபால், அதாவது இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டுவது.

கிம் ஹீ ஜினைப் பாருங்கள். தேசிய அணியில் வலது ஓரத்து அட்டாக்கர். கிளப்பில் அந்த இடத்தில் வெளிநாட்டவர் நிற்பதால் பெரும்பாலும் நடுவில் பிளாக் செய்ய நிறுத்தப்பட்டவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு எதிராக ஐந்தாவது செட்டில் 12-14இல் இருந்து 16-14 என்று ஜெயித்து, கடைசியில் நான்காம் இடம் பிடித்தது அந்தத் தேசிய அணி. அதற்கப்புறம்? தேசிய அணிகள் வருஷா வருஷம் மோதும் நேஷன்ஸ் லீக்கில் 2022இல் 12 ஆட்டம், 12 தோல்வி. 2023இலும் அதே. பாரிஸுக்குப் போகவே இல்லை. 2025இல் ஒரே வெற்றியோடு நேஷன்ஸ் லீக்கிலிருந்தே இறக்கிவிட்டார்கள். கிம் யோன் கியோங் தேசிய அணியை விட்டதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் வருஷத்துக்கு 36 ஆட்டம் ஆடியும் 23-23இல் அடித்துப் பழகாத கையை, ஜூன் மாதம் தேசிய ஜெர்சி மாட்டிவிட்டு அடி என்றால் எப்படி அடிக்கும்?

2023-24இல் ஆசிய வீராங்கனை ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்தோனேசியாவின் மெகாவதி வந்தார். ஹிஜாபோடு அவர் அடித்த அடியில் அவருடைய டேஜியோன் நகர அணிக்கு (ஜின்செங் கம்பெனி அணி) ஜகார்த்தா வரை ரசிகர்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனாலும் உள்ளூர்ப் பெண்ணுக்கு வரவேண்டிய பந்தில் இன்னொரு பங்கு போய்விட்டது.

வெளிநாட்டவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் 2022இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் ஆண்களுக்கானது. நம் பெண்களுக்கு ரயில்வே, போலீஸ் வேலை கிடைத்தால் பெரிது. நமக்கும் ஒரு லீக் வரட்டும், 7 மணி ஆட்டத்தோடு வரட்டும். வெளிநாட்டவரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் முதல் நாளே யோசித்து வைத்துக்கொள்ளட்டும்.

அட்டாக்கருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் கொரிய செட்டர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே வேலை பார்த்தவள், எங்கள் ஊரில் லிப்டர் என்போம். எங்கள் அணியில் நெட்டைச்சி ஒருத்தி இருந்தாள். 20 புள்ளி தாண்டினால் வெளியிலிருந்து "அவளுக்கே தூக்கு"தான். இடது ஓரத்தில் என்னைவிட ஒரு வகுப்பு சின்னவள், ஒவ்வொரு ரொட்டேஷனிலும் "எனக்கு ஒண்ணு போடுக்கா" என்பாள். மாவட்ட பைனலில் அவளுக்கு நான் ஒன்றும் போடவில்லை, தோற்றோம். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் என்னை அறிமுகப்படுத்தினாள்: "இவங்கதான் எனக்குப் பந்தே போடாத லிப்டர்."