கடிகாரத்தில் இருக்கும் நாலு தப்பா?

மகள் கணக்குத் தேர்வுத்தாளைக் கையெழுத்துக்காக நீட்டினாள். 20-க்கு 18. ரோமன் எண்கள் பகுதியில் இரண்டு இடத்தில் மட்டும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. தப்பு என்பதற்குப் போடும் அந்தக் குறியே ரோமன் பத்து மாதிரிதான் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போட்டால் இருபது. அப்படிப் பார்த்தால் அவள் முழு மார்க் வாங்கிவிட்டாள்!

தப்பு என்னவென்றால், 99-ஐ 'ஐ-சி' என்று எழுதியிருந்தாள். 4-க்கு நான்கு கோடு போட்டிருந்தாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிக்கு வரி விசைப்பலகையை மாற்ற எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் அந்த எழுத்துகளைப் பெயர் சொல்லியே எழுதப் போகிறேன். ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. இதில் ஐ மட்டும் கொஞ்சம் உறுத்தும். ஐவர், ஐம்புலன், ஐம்பது என்று பழகிய காதுக்கு ஐ என்றால் ஐந்து. இங்கே அது ஒன்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நூறுக்கு முன்னாடி ஒண்ணு போட்டா ஒண்ணு குறையும்தானே? அப்போ ஐ-சி ஏம்மா தப்பு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 'ஐ-க்கு வலப்பக்கம் வியும் எக்ஸும்தான் வரலாம், எக்ஸுக்கு எல்லும் சியும், சிக்கு டியும் எம்மும்' என்று நானும் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்தவள்தான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைச் சொல்லிச் சமாளிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. கூடத்துச் சுவரைக் காட்டினாள். "அந்தக் கடிகாரத்துல நாலுக்கு நாலு கோடுதானே இருக்கு? அதுவும் தப்பா?"

எத்தனை வருஷமாக அந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறேன்! நான்கு கோடுதான் இருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இதையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது: 99 விஷயத்தில் டீச்சர் சொல்வது சரி. 4 விஷயத்தில் மகள் சொல்வது சரி.

முதலில் 99. ரோமன் எண்கள் என்றாலே ஏதோ தாறுமாறான முறை என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. உண்மையில் அதுவும் பத்துப் பத்தாகப் போகும் முறைதான். ஆயிரங்கள் தனி, நூறுகள் தனி, பத்துகள் தனி, ஒன்றுகள் தனி. ஒவ்வொன்றையும் எழுதி வரிசையாக ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். 99 என்பது தொண்ணூறும் ஒன்பதும். தொண்ணூறுக்கு எக்ஸ்-சி, ஒன்பதுக்கு ஐ-எக்ஸ். சேர்த்தால் எக்ஸ்-சி-ஐ-எக்ஸ். நூறிலிருந்து ஒரேயடியாக ஒன்றைக் கழித்தால் இந்த வரிசை உடைந்துவிடுகிறது.

இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. தமிழில் 80 எண்பது, 800 எண்ணூறு. இந்தக் கணக்குப்படி 'தொண்ணூறு' என்பது 900 ஆக இருக்க வேண்டும், இல்லையா? சொல்லுக்குள்ளேயே நூறு உட்கார்ந்திருக்கிறதே! ஆனால் அது 90. 900-க்குப் போனால் தொள்ளாயிரம், அதற்குள் ஆயிரம். ஒன்பதுக்குள் ஒரு 'பது'. ஒன்பது வரும் இடமெல்லாம் தமிழ் அடுத்த படியின் பெயரைக் கடன் வாங்கிக்கொள்கிறது. இதற்கு இலக்கணத்தில் புணர்ச்சி விதி தனியாக இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ரோமன் எழுத்தும் கண்ணுக்கு இதையேதான் காட்டுகிறது. 9-ல் பத்தின் எக்ஸ், 90-ல் நூறின் சி, 900-ல் ஆயிரத்தின் எம்.

1999-ஐ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆயிரத்து: எம். தொள்ளாயிரத்து: சி-எம். தொண்ணூற்று: எக்ஸ்-சி. ஒன்பது: ஐ-எக்ஸ். காதில் ஆயிரம் கேட்கும் இடத்தில் எம், நூறு கேட்கும் இடத்தில் சி, பது கேட்கும் இடத்தில் எக்ஸ். மகள் இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அந்த விதிப் பட்டியலை நான் திரும்ப எடுக்கவே இல்லை.

அதற்காக அவள் எழுதிய ஐ-சி முட்டாள்தனம் என்று ஆகிவிடாது. ரோமானியர்கள் பேசிய லத்தீனில் 18-க்குத் 'துவோதேவிகின்டி' என்று பெயர். 'இருபதிலிருந்து இரண்டு' என்று அர்த்தம். 19 என்றால் 'இருபதிலிருந்து ஒன்று'. 99-க்குக்கூட 'நூறிலிருந்து ஒன்று' என்று சொல்லும் சொல் ஒன்று அந்த மொழியில் உண்டு. என் மகள் அப்படித்தான் யோசித்திருக்கிறாள். எக்செல்லில் எண்ணை ரோமனாக மாற்றும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் 0 முதல் 4 வரை ஒரு தேர்வு கொடுக்கலாம். 499-க்கு 0 கொடுத்தால் பள்ளிக்கூடத்து விடை வரும், சி-டி-எக்ஸ்-சி-ஐ-எக்ஸ். 4 கொடுத்தால் சுருக்கமாக ஐ-டி என்று வந்து நிற்கும். கணினியே ஒப்புக்கொள்கிறது பாருங்கள். ஆனாலும் எல்லோரும் ஒரே மாதிரி படிக்க ஒரு வழக்கம் வேண்டும். அதனால் இந்த மார்க் போனதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது 4. பள்ளிக்கூடத்து விடை ஐ-வி. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம்.

தமிழில் நான்குக்கு அந்தக் கடன் வாங்கும் வேலை கிடையாது. நான்கு, நாற்பது, நானூறு, எல்லாம் சொந்தக் காலில் நிற்கின்றன. ரோமானியர்களும் நான்கு விஷயத்தில் கறாராக இருந்ததில்லை. ரோம் நகரத்துக் கொலோசியத்தில் மக்கள் கூட்டம் நுழையும் வாசல்களுக்கு மேலே எண்கள் வெட்டியிருப்பார்கள். கையில் இருக்கும் சீட்டைப் பார்த்து எந்த வாசல் என்று கண்டுபிடிப்பதற்காக. அதில் 44-ஆம் வாசல் எப்படி இருக்கிறது தெரியுமா? எக்ஸ்-எல், அதற்குப் பக்கத்தில் நான்கு கோடு. நாற்பதுக்குக் கழித்தல், நான்குக்குக் கூட்டல், இரண்டும் ஒரே எண்ணில்! 54-ஆம் வாசலிலும் அதே நான்கு கோடு. என் மகளுக்குச் சிவப்புக் குறி போட்ட கையில் கொலோசியத்தைக் கொடுத்தால் வாசலுக்கு வாசல் மார்க் போயிருக்கும்.

இன்னொரு கல்லும் இருக்கிறது. கி.பி. 9-ல் ஜெர்மனியின் டியூட்டோபர்க் காட்டில் ரோமின் மூன்று படையணிகள் மொத்தமாக அழிந்தன. 17, 18, 19. அந்த எண்களை ரோம் பிறகு வேறு எந்தப் படையணிக்கும் வைக்கவில்லை. அங்கே இறந்த மார்க்குஸ் கேலியுஸ் என்ற நூற்றுவர் தலைவருக்கு அவருடைய சகோதரர் எழுப்பிய நினைவுக்கல் இன்றும் இருக்கிறது. அதில் அவருடைய 18-ஆம் படையணி எக்ஸ்-ஐ-ஐ-எக்ஸ் என்று வெட்டப்பட்டிருக்கிறது. பத்து, அப்புறம் பத்துக்கு இரண்டு குறைவு. இப்படி எழுதினால் இன்றைக்கு எந்த வகுப்பிலும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்துக்கு ரோமில் எழுத்தும் கிடையாது, அது வேறு விஷயம்.

கடிகாரத்துக்கு வருவோம். முட்கள் வைத்த பழைய பாணிக் கடிகாரங்களில் பெரும்பாலும் நான்கு கோடுதான். லண்டன் பிக் பென் மாதிரி ஐ-வி போட்டவையும் உண்டு. ஏன் நான்கு கோடு என்பதற்கு ஏகப்பட்ட கதைகள். ஒரு பிரெஞ்சு ராஜாவுக்கு ஐ-வி பிடிக்கவில்லை என்பார்கள். பழைய லத்தீன் எழுத்தில் ஜூபிடர் கடவுளின் பெயரில் முதல் இரண்டு எழுத்தும் அதுவாகவே இருப்பதால் பயந்தார்கள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது கண்ணெதிரே இருக்கும் காரணம். நான்கு கோடு போட்டால் முதல் நான்கு மணியில் ஐ மட்டும், அடுத்த நான்கில் வி, கடைசி நான்கில் எக்ஸ் என்று முகப்பு மூன்று சம பாகமாகப் பிரிகிறது. எண்ணிப் பாருங்கள், மொத்தம் 20 ஐ, 4 வி, 4 எக்ஸ் வரும். மகளும் நானும் நாற்காலி போட்டு ஏறி எண்ணிவிட்டோம். தவிர, தலைகீழாக நிற்கும் பக்கத்தில் ஐ-வியும் வி-ஐயும் ஒரு வீடு தள்ளி இருக்கும் வீட்டுக்காரர்கள் மாதிரி நின்றால் யாருக்கும் குழம்பும்.

ஆக, 'ஒரே எழுத்து மூன்று தடவைக்கு மேல் வரக்கூடாது' என்பது ரோம் போட்ட சட்டமல்ல. பின்னால் வந்தவர்கள் ஒழுங்குபடுத்திக்கொண்ட வழக்கம். வழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் தினமும் பார்ப்பதை ஒரு பிள்ளை எழுதினால் அதைத் தப்பு என்று அடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கலாம் இல்லையா?

எனக்கு இருக்கும் பெரிய குறை இந்த ஒரு மார்க்கைப் பற்றியதும் அல்ல. ரோமன் எண்களை நாம் எழுதத்தான் சொல்லிக்கொடுக்கிறோம், படிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. 1888-ஐ எழுது என்று கேட்கிறோம். எம்-டி-சி-சி-சி-எல்-எக்ஸ்-எக்ஸ்-எக்ஸ்-வி-ஐ-ஐ-ஐ, மொத்தம் 13 எழுத்து. வாழ்க்கையில் அதை யார் எழுதப் போகிறார்கள்? கல்வெட்டுகிறவரும் கடிகாரம் செய்கிறவரும் எழுதலாம். நமக்கெல்லாம் வருவது படிக்கும் வேலை. அதற்கு ஒரே ஒரு விதி போதும்: சின்னது பெரியதற்கு முன்னால் நின்றால் கழி, இல்லையென்றால் கூட்டு. ரோமானியன் எழுதினாலும் கடிகாரக்காரர் எழுதினாலும் இந்த ஒரு விதியில் படித்துவிடலாம். என் மகள் எழுதிய ஐ-சி கூட இதில் 99 என்றுதான் வரும்.

படிக்கும்போது இன்னொன்றும் தெரிய வேண்டும். இந்த எண் எதற்காக அங்கே நிற்கிறது என்பது. பள்ளியில் வேதியியலில் 'இரும்பு' என்று போட்டு, அடைப்புக்குள் மூன்று ஐ போட்டு, பிறகு 'ஆக்சைடு' என்று இருந்தால் மூன்று இரும்பு அணு என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஆக்சிஜனேற்ற எண், அதாவது ஓர் இரும்பு அணு எத்தனை எலக்ட்ரானை விட்டுக்கொடுத்த கணக்கு என்பது. அந்த ஆக்சைடில் இருக்கும் இரும்பு அணு இரண்டுதான். இதை யாராவது ரோமன் எண் பாடத்திலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம். பெரும்பாலான இடங்களில் ரோமன் எண் அளவைச் சொல்வதில்லை, வரிசையில் ஓர் இடத்துக்குப் பெயர் வைக்கிறது. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் 1 முதல் 12 வரை ரோமனில். ரத்தம் உறையும் காரணிகள் 1 முதல் 13 வரை ரோமனில், ஆனால் நடுவில் 6 கிடையாது. போப்பாண்டவர்களில் 23-ஆம் ஜான் உண்டு, 20-ஆம் ஜான் கிடையாது. பெயர்தானே, விட்டுப்போனால் குடி முழுகாது. கணக்கு என்றால் அப்படி விட முடியுமா?

ரோமானியர்களே இந்த எழுத்துகளை வைத்துக் கணக்குப் போடவில்லை. கல்லையும் மணிச்சட்டத்தையும் வைத்துப் போட்டார்கள், விடையை மட்டும் எழுத்தில் எழுதினார்கள். அந்தச் சின்னக் கல்லுக்கு லத்தீனில் 'கால்குலுஸ்' என்று பெயர். கால்குலேட்டர் அங்கிருந்து வந்ததுதான். அதனால் 'ரோமன் எண்களைப் பெருக்குக' என்று கேள்வி கேட்பவர்களுக்கு என் அனுதாபங்கள். ஆனால் எழுதி வைக்க அது உறுதியான முறை என்ற நம்பிக்கை ரொம்ப காலம் இருந்தது. நாம் இன்று எழுதும் எண்களை இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி தன் நூலில் ஐரோப்பாவுக்கு விளக்கியது 1202-ல். ஆனாலும் 1299-ல் ஃபுளோரன்ஸ் நகரத்துப் பணம் மாற்றுவோர் சங்கம் கணக்குப் புத்தகத்தில் அந்தப் புது எண்களை எழுதக்கூடாது என்று தடை போட்டது. ரோமன் எண்ணிலும்கூட யாராவது ஒரு கோடு கூட்டிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அதனால் கடைசி ஐ-யை வால் நீட்டி ஜே மாதிரி எழுதும் வழக்கம் வந்தது. மருந்துச் சீட்டுகளில் அந்த வால் ரொம்ப காலம் ஓடியது.

சரி, மார்க் கதைக்கு வருகிறேன். தாளில் கையெழுத்துப் போட்டு, கூடவே ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினேன். 99 தப்புதான், 4-ஐ மட்டும் மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்டு, கடிகாரத்தின் படத்தையும் வைத்திருந்தேன். டீச்சர் நல்லவர். மறுநாள் அரை மார்க் சேர்த்து, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் வரைந்து அனுப்பியிருந்தார்.

"அரையை ரோமன்ல எப்படிம்மா எழுதுவாங்க?" என்றாள் மகள். எஸ் என்றேன். லத்தீனில் பாதிக்கு 'செமிஸ்', அதன் முதல் எழுத்து. ரோமானியர்களின் அரைக் காசிலேயே அந்த எழுத்து இருக்கும். உடனே தாளின் மேலே பெரிதாக எக்ஸ்-வி-ஐ-ஐ-ஐ-எஸ் என்று எழுதி, "இது எவ்வளவு, சொல்லுங்க பார்க்கலாம்" என்று அவள் அப்பாவிடம் நீட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவர் இன்னும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.