பினீசியர் எழுத்து பத்தி ஒரு திருத்தம்

மேல ஒருத்தர் "அகரவரிசை எழுத்தை பினீசியர்கள்தான் ஒண்ணுமில்லாததுல இருந்து கண்டுபிடிச்சாங்க, கிரேக்கர்கள் அதை அப்படியே காப்பி அடிச்சாங்க"ன்னு போட்டிருக்காரு, ரெண்டு பாதியுமே தப்புங்க. பினீசியர்னா பழங்காலத்துல இப்போ லெபனான் இருக்கிற கடற்கரையில வாழ்ந்த கடல் வணிகர்கள். பினீசியருக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே எகிப்துல இருக்கிற சினாய் தீபகற்பத்துல, எகிப்தியர்கள் டர்க்காய்ஸ்ங்கிற நீலப்பச்சைக் கல் வெட்டி எடுத்த செராபித் அல் காதிம்ங்கிற இடத்துல, செமிட்டிக் மொழி (எபிரேயம், அரபி, பினீசியம் சேர்ந்த மொழிக் குடும்பம்) பேசினவங்க படம் மாதிரி எழுத்துல கிறுக்கி வச்சிருக்காங்க, 1905ல பெட்ரிங்கிற இங்கிலீஷ் தொல்லியல் ஆய்வாளர் அதைக் கண்டுபிடிச்சாரு. அந்த வழியில வந்ததைத்தான் பினீசியர்கள் 22 எழுத்தா ஒழுங்குபண்ணி கப்பல் போன ஊருக்கெல்லாம் கொண்டுபோனாங்க, அதுவே எவ்ளோ பெரிய வேலை!

இப்போ இங்கிலீஷ் 'ஏ' பெரிய எழுத்தை ஒரு பேப்பர்ல எழுதி தலைகீழா திருப்பிப் பாருங்க, ரெண்டு கொம்போட மாட்டுத்தலை தெரியும். அதான் பினீசியரோட முதல் எழுத்து 'ஆலெப்', அவங்க மொழியில மாடுன்னு அர்த்தம், அடுத்தது 'பெத்', வீடு. கிரேக்கத்தோட முதல் ரெண்டு எழுத்தான ஆல்பா, பீட்டாவுக்கு அந்த மொழியில வேற அர்த்தமே கிடையாது, பேரையே இவங்ககிட்ட இருந்துதான் வாங்கியிருக்காங்க.

ஆனா காப்பி இல்ல. அந்த 22மே மெய்யெழுத்துதான், ஆலெப் கூட தொண்டையில சட்டுனு நிறுத்துற ஒரு ஒலி. அது கிரேக்கத்துல இல்லாததால அந்த எழுத்தை 'அ'வுக்கு எடுத்துக்கிட்டாங்க, அதே மாதிரிதான் எ, இ, ஒ எல்லாம் உயிரெழுத்தா வந்துச்சு.

அப்புறம் "பினீசியப் பேரரசு"ன்னும் அவர் எழுதியிருக்காரு, அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. தைர், சிடோன், பிப்லோஸ்னு ஒவ்வொரு ஊருக்கும் தனி ராஜா, பினீசியர்ங்கிற பேரே கிரேக்கர்கள் வச்சதுதான்.