கத்தினால் வேலைக்கு ஆகாது
அடம் பிடிக்கும் நடிகரை எல்லார் முன்னாலும் கண்டித்தால்தான் வழிக்கு வருவார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். புதுச்சேரியில் ஒரு சிறு நாடகக் குழுவுக்குப் பத்து வருஷமாக மேடை நிர்வாகம் பார்க்கிறேன். எனக்கு அது பலித்ததில்லை. ஆறரை மணி ஒத்திகைக்கு எங்கள் கதாநாயகர் தினமும் முக்கால் மணி நேரம் தாமதம். ஒருநாள் கத்தினேன். மறுநாள் ஆளே வரவில்லை.

அப்புறம் கத்துவதை விட்டுவிட்டு, எல்லாரும் வருகிற நேரத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நாலாம் நாள் நான் 7.10 என்று எழுத, "7.08தாங்க" என்று சண்டைக்கு வந்தார். சரி, ஆள் கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்! டீக்கடையில் தனியாகப் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது: மூன்றாம் காட்சி வசனம் மனதில் நிற்கவில்லை, அந்தப் பயம். பக்கத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க ஒரு பையனை நிறுத்தினோம்.

இந்தத் தொல்லை பழசுதான். இங்கே புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அடங்கியிருக்கும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளே பெரிய நடிகர்களின் ஒழுங்கீனத்தில் சலித்துத்தான் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கினார் என்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் குடித்துவிட்டு வந்தால் மட்டும் மேடை கிடையாது. அதற்காகவே முக்கிய வேஷத்துக்கு இன்னொருவரும் வசனம் பாடம் பண்ணி வைத்திருப்பார்.