மாநாட்டுக்குப் போய்வந்த கணக்கு

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, மின்னூல்களில் தமிழ்ச் சொற்களைத் தேடித்தரும் சிறிய கட்டற்ற மென்பொருள் (எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்) ஒன்றைப் பராமரித்து வருகிறோம். இருவர் நாகர்கோவிலிலும் ஒருவர் மார்த்தாண்டத்திலும் மற்ற இருவர் வேலை நிமித்தம் வெளியூரிலும் இருக்கிறோம். நன்கொடையாகச் சேர்ந்த 40,000 ரூபாயில் ஒருவரைப் பெங்களூரில் நடக்கவிருக்கும் கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு அனுப்பலாமா, அல்லது சோதனைக்கென ஒரு பழைய மடிக்கணினி வாங்கலாமா என்ற விவாதம் ஒரு மாதமாக எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "உரைகள் எல்லாம் யூடியூபில் வந்துவிடுகின்றன, பிறகு எதற்குப் பயணம்?" என்று கேட்கிறார் குழுவின் இளையவர்.

உரைகளைப் பொறுத்தவரை அவர் சொல்வதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. அதன் காணொளிகளை எவரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் முழுக்க இணையவழியிலேயே நடந்தது. உரை கேட்பதற்காக மட்டும் ஐலண்டு எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 20 மணி நேரம் உட்கார்ந்து போவது வீண் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். முதல் இரண்டு மாநாடுகளுக்கு அப்படித்தான் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு பார்வையாளனாகப் போனேன். அவற்றில் ஒன்றில், பணம் கொடுத்த நிறுவனங்களின் விற்பனைப் பேச்சே பாதி மேடையை நிறைத்திருந்தது. திரும்பி வந்தபோது, "இவ்வளவு தூரம் போயிட்டு என்னத்த மக்ளே கொண்டு வந்த?" என்று அம்மா கேட்டார். பையில் இரண்டு டி-ஷர்ட்டுகளும் ஒரு கழுத்துப்பட்டையும் இருந்தன.

மூன்றாவது முறை போனபோது என்னிடம் ஒரு சிக்கல் இருந்தது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைத் தரும் யூனிகோடில் 'ஸ்ரீ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுத முடியும். ஸகரத்தைக் கொண்டு எழுதுவது ஒரு வழி. 2005இல் சேர்க்கப்பட்ட 'ஶ' என்ற எழுத்தைக் கொண்டு எழுதுவது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஆகவே நூலில் ஒரு விதமாகவும் தேடுபெட்டியில் மற்றொரு விதமாகவும் தட்டச்சாகியிருந்தால் ஸ்ரீதரன் கிடைக்கவே மாட்டார். நாங்கள் சார்ந்திருந்த ஒரு பெரிய திட்டத்துக்கு இதை வழு அறிக்கையாக (மென்பொருளில் உள்ள பிழையைத் தெரிவிக்கும் குறிப்பாக) அனுப்பி 14 மாதங்கள் ஆகியிருந்தன. தன் கணினியில் அப்படி எதுவும் நிகழவில்லை என்று குறித்து, அதன் பராமரிப்பாளர் அறிக்கையை மூடிவிட்டிருந்தார். ஐரோப்பியரான அவரை நேரில் பார்த்தபோது, தேநீர்க் கோப்பையை மேசை விளிம்பில் வைத்துவிட்டு, கைபேசியில் ஒரு விசைப்பலகையிலும் மடிக்கணினியில் வேறொன்றிலும் அந்தப் பெயரைத் தட்டி, இரண்டின் குறியெண்களையும் அருகருகே காட்டினேன்: 0பிபி8, 0பிபி6. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நூலில் இருந்த பெயரையே நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டிப் பார்த்ததால்தான் தனக்கு அது ஒவ்வொரு முறையும் கிடைத்தது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். இருபது நிமிடத்தில் திருத்தத்தின் வரைவு தயாராகிவிட்டது.

இந்த இருபது நிமிடத்தை எந்தக் காணொளியும் எனக்குத் தந்திருக்காது. என் அறிக்கை தெளிவாக எழுதப்பட்டிருந்தால் 14 மாதம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது என்பதும் உண்மைதான். ஆனால் தமிழ் எழுத்தை அறியாத ஒருவருக்கு எது விளங்கவில்லை என்பதே எனக்கு நேரில் பார்த்த பிறகுதான் விளங்கியது.

நேரில் சந்திப்பதால் நம்பிக்கை வளரும் என்றும் சொல்வார்கள். டெபியனில் ஒருவர் உறுப்பினராக வேண்டுமானால், ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்கள், இணையத்தில் அவரை அடையாளம் காட்டும் அவருடைய மறையாக்கச் சாவியில் மின்கையொப்பமிட வேண்டும். வழக்கமாக நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்த பிறகே அதைச் செய்வார்கள். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் பின்கதவு (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி) ஒன்று வெளிப்பட்டபோது, அதை நுழைத்த 'ஜியா டான்' இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பங்களித்து நம்பிக்கையைப் பெற்றவர் என்பதும், அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று எவருக்கும் தெரியாது என்பதும் தெரியவந்தன. மாநாட்டில் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது என்று சிலர் எழுதினார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், ஏனென்றால் சிரித்த முகத்தோடு கைகுலுக்கி ஏமாற்றுபவர்களும் உண்டு. எக்ஸ்இசட்டைத் தனியாளாகக் கவனித்துக் களைத்துப்போயிருந்த அதன் பராமரிப்பாளருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ள நான்கு பேர் இருந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்ற அளவில் மட்டும் உடன்படுகிறேன்.

எனக்கு உண்மையான மனக்குறை வேறொன்று. தாழ்வாரத்தில் நின்று நான்கு பேர் எடுக்கும் முடிவு, விசா கிடைக்காதவரையும் விடுப்பு கிடைக்காதவரையும் கைக்குழந்தை வைத்திருப்பவரையும் ஒரே நாளில் வெளியாளாக்கிவிடுகிறது. 2023இல் டெப்கான்ஃப் கொச்சியில் நடந்தபோது நாகர்கோவிலிலிருந்து பகல் ரயிலிலேயே போய்ச் சேர முடிந்தது. மறு ஆண்டு அது தென்கொரியாவின் பூசானுக்குப் போய்விட்டது. டெபியன் பயண உதவித்தொகை தருகிறது என்றாலும் எல்லாத் திட்டங்களிடமும் அந்த வசதி கிடையாது. ஆகவே, பேசி முடித்ததை ஒரு வாரத்துக்குள் பொதுவில் எழுதாமலும், வராதவர்கள் மறுப்புச் சொல்ல அவகாசம் தராமலும் இருக்கும் திட்டம், மாநாட்டால் தனக்குக் கிடைத்த லாபத்தை அந்த வராதவர்களிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது என்பேன்.

எங்கள் 40,000 ரூபாய்க்கு வருகிறேன். தீராமல் கிடக்கும் எங்கள் வழு அறிக்கைகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். வெளித்திட்டத்தவரின் பதிலுக்காக நிற்பவை ஏழு. அவற்றுள் மூன்றுக்குப் பொறுப்பானவர்கள் அந்த மாநாட்டுக்கு வருகிறார்கள். மூன்றும் மார்த்தாண்டத்துத் தோழிக்குத்தான் நன்றாகத் தெரியும், எனக்கு அல்ல. ஆசை எனக்கும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. மூவருக்கும் இப்போதே எழுதி நேரம் கேட்டு, இருவராவது ஒப்புக்கொண்டால் அவரை அனுப்புவது, இல்லையென்றால் மடிக்கணினியை வாங்குவது என்று தீர்மானித்திருக்கிறோம். நேற்று இரவு ஒருவரிடமிருந்து பதில் வந்தது. இன்னும் ஒரு பதில் வந்ததும் பயணச்சீட்டை முன்பதிவு செய்துவிடுவோம்.