கற்திட்டைகள் வீடுகள் அல்ல

நீங்கள் வெளியிட்ட ஜவ்வாது மலைப் பயணக் கட்டுரையைப் படித்தேன். வேலூரிலிருந்து முதுகுப்பையும் கொஞ்சம் பணமுமாக ஒரு வழிகாட்டிக் குழுவுடன் ஜவ்வாது மலையைச் சுற்றி வந்ததை அதன் கட்டுரையாளர் ஆர்வத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் பீமன் அருவிக்கு நான்கு பத்திகள் ஒதுக்கியவர், கற்திட்டைகளைப் ‘பழைய கல் வீடுகள்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. அவை வீடுகள் அல்ல. பெருங்கற்கால மக்கள், இறந்தோர் நினைவாகப் பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, அவற்றின்மேல் கனத்த மூடுகல்லை ஏற்றி எழுப்பிய ஈமச்சின்னங்கள் அவை. காரையோ சுண்ணாம்போ இல்லாமல், கல்லின் எடையே கல்லைப் பிடித்துக்கொள்ளும்படி நிற்பவை. கடந்த ஆண்டு நான் இத்தகைய குழு ஒன்றில் சென்றபோது, மூடுகல்லின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளுமாறு வழிகாட்டியே இளைஞர்களை அழைத்தார். நான் தடுத்தும் அவர் கேட்கவில்லை. ஒரு பலகை சரிந்தால் மொத்தமும் சரியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

அதே மலையில் வானாய்வகம் உள்ள காவலூரைப் பற்றிக் கட்டுரையில் சொன்னவை சரியே. 1986இல் அங்கு நிறுவப்பட்ட 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கியோடு, 1988இல் அந்த வானாய்வகத்தில் கண்டறியப்பட்ட குறுங்கோளுக்கு நம் கணிதமேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டதையும் சேர்த்திருக்கலாம்.

குறைந்த செலவில் செல்ல விரும்புவோர், போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் பேருந்தில் சென்று, அங்குள்ள மலையாளி எனப்படும் பழங்குடி மக்களில் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையையும், சாமை விளையும் சரிவுகளையும், சந்தன மரங்கள் நின்ற இடங்களையும் அவர்கள் தாமே காட்டிச் சொல்வார்கள். நாம் கொடுக்கும் கூலியும் அந்த மலையிலேயே தங்கும்.