ஸ்காலர்ஷிப் வாங்கினால் ஊரைவிட்டுப் போகக்கூடாதா?

"தமிழ்நாட்டு வரிப்பணத்தில் படித்துவிட்டு கர்நாடகத்துக்கு உழைக்கிறீர்கள்" என்ற பேச்சு வாரம் தவறாமல் கண்ணில் படுகிறது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். தாலுக்கா ஆபீஸில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி, கவுன்சலிங்கில் சீட் எடுத்து, ஃபீஸ் சலுகையில் இன்ஜினியரிங் படித்தவன் நான். இப்போது பெங்களூரில் இருக்கிறேன்: வேலை எலக்ட்ரானிக் சிட்டி, வாடகை வீடு பொம்மனஹள்ளி.

சரி, கணக்கே பார்த்துவிடுவோம். சம்பளத்தில் மாதம் 200 ரூபாய் தொழில் வரி பிடிக்கிறார்கள். அது கர்நாடகத்துக்கு. வருமான வரி எங்கே இருந்து கட்டினாலும் டெல்லிக்குத்தான். மிச்சம் ஜிஎஸ்டி. பொருள் எந்த மாநிலத்தில் செலவாகிறதோ, மாநிலப் பங்கு அங்கே போகும். இங்கே மடிவாளாவில் நான் தின்னும் தோசைக்கான வரி கர்நாடகத்துக்கு. ஆனால் என் சம்பளத்தில் பெரிய தொகை போனது திருவண்ணாமலை வீட்டுக்கு மாடி எடுத்ததில். சிமெண்ட், கம்பி, டைல்ஸ் எல்லாம் அப்பா அங்கேயே வாங்கினார். அப்போது சிமெண்டுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, அதில் பாதி தமிழ்நாட்டுக்கு. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஓசூரில் குடியிருந்து தினமும் எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்கு வருகிறவர்களை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? தொழில் வரி இங்கே, மளிகை அங்கே.

படித்து முடித்தபின் தமிழ்நாட்டிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று சிலர் பாண்டு எழுதி வாங்கச் சொல்கிறார்கள். டாக்டர்களுக்கு அது நியாயம். அரசு மருத்துவமனையில் அரசே வேலை கொடுக்கிறது. எனக்கு யார் கொடுப்பார்? கேம்பஸ் இன்டர்வியூ நடந்தது தமிழ்நாட்டுக் கல்லூரியில்தான். ஆஃபர் லெட்டரில் பணியிடம் பெங்களூர் என்று அச்சடித்தே வந்தது. வேண்டாம் என்றிருந்தால் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1993இல் லாட்டரிப் பணத்தில் ஹோப் ஸ்காலர்ஷிப்பைத் தொடங்கியது. நல்ல மார்க் எடுத்தவர்கள் உள்ளூர்க் கல்லூரியிலேயே சேரட்டும் என்று கொடுக்கிறார்கள். படித்து முடித்தபின் அங்கேயே இருந்தாக வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஃபீஸ் கட்டியது படிப்புக்கு. அதற்குப் பிறகு வரும் முப்பது வருஷத்துக்கும் சேர்த்து அட்வான்ஸ் கொடுத்ததுபோல் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் மாவட்டத்தில் செய்யாறு சிப்காட் இருக்கிறது. ஷூ கம்பெனிகளால் எத்தனையோ பெண்கள் கையில் சம்பளம் பார்க்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் கோடிங் தெரிந்தவனுக்கு அங்கே இடமில்லை. 2024இல் விழுப்புரத்தில் ஐடி கம்பெனிகளுக்காக மினி டைடல் பார்க் திறந்தார்கள். அந்த மாதிரி இன்னும் நாலு வரட்டும், கம்பெனிகளும் வரட்டும். பாண்டெல்லாம் தேவையே இல்லை. பெங்களூர் வீட்டு அட்வான்ஸும் வாடகையும் எங்களைத் தானாகவே ஊருக்கு அனுப்பிவிடும்.