மழை வருமானு சொல்ற படிப்பாம்

நேத்து பாத்த கரியர் கைடன்ஸ் லைவ் வீடியோ பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன், தூக்கம் வரல, எழுதிடறேன். ஒரு பொண்ணு அட்மாஸ்பியரிக் சயின்ஸ், அதாவது காத்து, மேகம், மழை பத்தின வளிமண்டலப் படிப்பு, எடுக்கலாமானு கமெண்ட்ல கேட்டுச்சு. கரியர் சொல்லித்தர்ற சார் சிரிச்சிக்கிட்டே "ஏம்மா, டிவில மேப் முன்னாடி கையாட்டப் போறியா"ங்கறாரு. கீழ வரிசையா ஹாஹா.

சார், அது பிசிக்ஸ். காத்து ஓடறதுக்கு நேவியர்-ஸ்டோக்ஸ்ங்கற சமன்பாடு, மேகத்துக்கு தெர்மோடைனமிக்ஸ்ங்கற வெப்ப இயக்கவியல், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்த கணக்கும் கோடிங்கும். முதல் உலகப்போர்ல ஆம்புலன்ஸ் வேலை பாத்துக்கிட்டே ரிச்சர்ட்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 6 மணி நேர வானிலைக் கணிப்ப கையாலயே போட்டாரு, காத்தழுத்தம் 145 மில்லிபார் ஏறும்னு வந்துச்சு, நிஜத்துல அது அசையவே இல்ல. அந்தத் தப்பையும் மறைக்காம 1922ல புத்தகமா போட்டாரு. உங்க போன்ல இருக்க வானிலை ஆப்புக்கு அதான் சார் தாத்தா. பூமியோட காலநிலைய கம்ப்யூட்டர் மாடலாக்கின மனாபேக்கு 2021ல நோபல் கொடுத்தது எதுல? பிசிக்ஸ்ல. (டிவில கையாட்டறவங்கள்லயும் இதே படிச்சவங்க இருக்காங்க, அது வேற.)

"அதான் ஏஐ வந்துடுச்சே"னு ஒருத்தர் வருவாரு, தெரியும். கூகுள் டீப்மைண்டோட வானிலை ஏஐ கிராஃப்காஸ்ட் எதப் பாத்துக் கத்துக்கிச்சு? பல வருஷ ஈஆர்ஏ5 டேட்டா, அதாவது பழைய வானிலைய அளவீடும் பிசிக்ஸ் மாடலும் சேத்துத் திரும்பக் கணக்குப் போட்ட தொகுப்பு. அத உருவாக்கினது யாரு, ஜோசியரா?

சம்பளமா? ஐடி மாதிரி உடனே வராது, நல்ல வேலைக்குப் பல இடத்துல மாஸ்டர்ஸ், பிஎச்டி கேப்பாங்க, சரி, ஒத்துக்கறேன், அதுக்கென்ன இப்ப. ஏர்போர்ட், கப்பல் ரூட், காத்தாலை, காத்து மாசு, புயல் ரிஸ்க் கணக்குப் போடற ரீஇன்சூரன்ஸ் (இன்சூரன்ஸ் கம்பெனிக்கே இன்சூரன்ஸ் தர்ற) கம்பெனினு ஆள் தேடறாங்க, அது அவரு ஸ்லைடுல இல்ல, அவ்ளோதான்.

நானும் இந்தப் படிப்புக்காக இதே கிண்டலக் கேட்டவன்தான். "மேகத்த வேடிக்கை பாக்க ஃபீஸ் கட்றியா"னு மாமா கேட்டாரு. முதல் செமஸ்டர்ல ஃப்ளூயிட் டைனமிக்ஸ், அதான் காத்து, தண்ணி ஓட்டத்தோட பாடம், ஊத்திக்கிச்சு, அன்னிக்கு அவரு சிரிச்சது இன்னும் காதுல இருக்கு. அப்புறம் வேலைக்கு வந்து ஏர்போர்ட்டுக்கு வானிலை சொல்ற நைட் டியூட்டில, நாலு மணிக்குப் பனிமூட்டம்னு எழுதிக் கொடுத்தேன், வந்தது அஞ்சேகாலுக்கு. அந்த ஒண்ணேகால் மணி நேரத்துக்கு வாங்கின திட்டு இருக்கே! சரியா சொன்ன ராத்திரிக்கெல்லாம் ஒரு போன்கூட வரல, விமானம் எறங்குச்சு, ஜனங்க வீட்டுக்குப் போனாங்க, நான் டீ குடிச்சேன்.

ஓவரா ரியாக்ட் பண்றேன்னு சொல்லுவீங்க. இருக்கட்டும். காலைல போய்ப் பாத்தா அந்தப் பொண்ணு கேள்வியவே டெலிட் பண்ணிடுச்சு. இதப் பாத்தா இன்பாக்ஸ் வாம்மா, சிலபஸ் அனுப்பறேன், அரியர் எழுதின கதையும் சொல்றேன்.